‘இப்படிக்கு’ போட்ட மொட்டைக் கடிதம்

மொட்டைக் கடிதம் என்றால் நான்கு வரியில் முடிய வேண்டும். எழுதுகிறவனுக்குப் பயம், படிக்கிறவனுக்கு ஆத்திரம். இரண்டுக்கும் நான்கு வரி தாராளம். அன்று காலை பத்து மணிக்குத் துப்பறிவாளரின் மேசைமேல் வந்து விழுந்ததோ எட்டுப் பக்கம் இருந்தது.

கொண்டுவந்து போட்டவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அவருடைய தீர்ப்புகளை மறந்தவர்கள் ஊரில் உண்டு. அவருடைய கையெழுத்தை மறந்தவர்கள் கிடையாது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யாருக்குப் பதவி உயர்ந்தாலும், கனத்த தாளில், கருநீல மையில், முத்துக் கோத்தாற்போல் ஒரு வாழ்த்துக் கடிதம் அவரிடமிருந்து போகும். வாங்கியவர்கள் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மைப்பேனா அன்பர் மன்றத்தின் தலைவர் நாற்காலியும் அந்த எழுத்து வாங்கிக் கொடுத்ததுதான்.

“என் கையெழுத்தைத் திருடிட்டாங்க,” என்றார் நீதிபதி, உட்காராமலே.

“பேனாவைத் திருடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். கையெழுத்தை எப்படி ஐயா கழட்டிட்டுப் போனாங்க?” என்றது ஜன்னலோரத்துக் குரல்.

குரலுக்குச் சொந்தக்காரன் துப்பறிவாளரின் மைத்துனன். அக்கா கல்யாணத்துக்கு வந்தவன். இன்னும் திரும்பிப் போகவில்லை. நாற்பத்தைந்து வயதாகிறது. போகிற இடத்தில் எல்லாம் எதையாவது பற்ற வைத்துவிட்டு வருவதால் குடும்பத்தில் அவனுக்கு வத்தி என்று பெயர். துப்பறிவாளருக்கும் அக்கம்பக்கத்தார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: பூதக்கண்ணாடி. அவரிடம் பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. பார்க்கிற பார்வை அப்படி. முதுகு நாற்காலியில் படாமல் உட்காருவார். சாய்ந்து உட்காருகிறவன் கேட்டதை எல்லாம் நம்புவான் என்பது அவர் கட்சி.

“விஷயத்தைச் சொல்லுங்க ஐயா.”

நீதிபதி சொன்னார். ஒரே மகள். கால்நடை மருத்துவர். பல் டாக்டர் ஒருவருடைய மகனுக்கு அவளைப் பேசி முடித்திருக்கிறது. மூன்று வாரத்தில் கல்யாணம். நேற்று பல் டாக்டர் வீட்டுக்கு இந்தக் கடிதம் வந்திருக்கிறது. இன்று காலை அவர் இதை டிரைவரிடம் கொடுத்தனுப்பி, கூடவே ஒரு சீட்டும் வைத்திருக்கிறார்.

துப்பறிவாளர் சீட்டைப் படித்தார்: “உங்கள் கையெழுத்தில் உங்கள் பெண்ணைக் குறைசொல்லி எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருந்தால் சம்பந்தம் வேண்டாம். வேறு யாராவது எழுதியிருந்தால் அது யாரென்று இன்று மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும் சம்பந்தம் வேண்டாம்.”

“எல்லா வழியும் ஒரே சந்துலதான் முடியுது,” என்றான் வத்தி.

“நாலு தலைமுறையா பேர் எடுத்த குடும்பம்,” என்றார் நீதிபதி. குரல் லேசாக உடைந்தது. “நின்னுபோன கல்யாணம்னு ஒரு பேச்சு வந்துட்டா, என் பொண்ணு எப்படி வெளியில தலைகாட்டுவா?”

அது நடிப்பில்லை என்று துப்பறிவாளர் குறித்துக்கொண்டார். பிறகு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார்.

“‘நலம். நலமறிய ஆவல். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மழை நாளில் கூடத்தான் இருக்கும்.’”

“அத்தான், திட்ட வந்தவன் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுல்ல உள்ளே வந்திருக்கான்!”

“‘இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் உங்களிடம் உள்ளதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் அவள் மனுஷி இல்லை. கோபம் வந்தால் வாய் பேசாது, கதவு பேசும். மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வரும் நாளில் வீட்டில் யாருக்கும் மூக்கு இருக்கக் கூடாது. பொய் சொல்ல வராது. நீங்கள் சமைத்தது வாயில் வைக்க வழியில்லாமல் இருந்தால், வழியில்லை என்றே சொல்வாள்…’”

எட்டாம் பக்கத்தை மட்டும் அவர் உரக்கப் படிக்கவில்லை. மனத்துக்குள் படித்தார், தாளை மடித்தார். மடிக்கும் முன் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ‘இப்படிக்கு,’ என்று எழுதி, ஒரு காற்புள்ளியும் வைத்து, அதன் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெறும் தாள்.

வத்தி எட்டிப் பார்த்தான். “மொட்டைக் கடிதத்துக்கு இப்படிக்கு எதுக்கு? மொட்டைத் தலைக்குச் சீப்பு மாதிரி.”

துப்பறிவாளர் ஒரு வெள்ளைத் தாளையும் தம் பேனாவையும் நீதிபதி பக்கம் நகர்த்தினார். “ரெண்டு வரி எழுதிக் காட்டுங்க ஐயா. ஒத்துப் பார்த்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.”

நீதிபதி பேனாவைப் பார்த்த பார்வையில் அது பாம்பாகிவிட்டது.

“கண்ட இடத்துல எழுதுற கையெழுத்து இல்லை என்னுது. யார் செஞ்சதுன்னு நானே சொல்றேன், எழுதிக்குங்க. மன்றத்துச் செயலாளர். தலைவர் தேர்தல்ல ரெண்டு ஓட்டுல என்கிட்ட தோத்தவன். அவன்தான்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வத்தி அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “வீடு தீப்பிடிச்சுதுன்னு கூப்பிட வந்தவர், தண்ணியைக் கண்டதும் ஓடுறாரே அத்தான்.”

*

மைப்பேனா அன்பர் மன்றம் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் வத்தி தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினான். அறுவைச் சிகிச்சை அறையில்கூட அத்தனை அமைதி இருக்காது. நீண்ட மேசையைச் சுற்றிப் பதினைந்து பெரிய மனிதர்கள். ஒருவர் பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒருவர் கழுவியதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் துடைத்ததை விளக்கில் காட்டி, நிப்பை வைரம் பார்க்கிறாற்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு தடித்த நோட்டு, ஒற்றுத்தாள், நாலைந்து மைப்புட்டிகள்.

வத்தி ஒரு நோட்டைப் புரட்டினான். இன்னொன்றைப் புரட்டினான். மூன்றாவதையும் பார்த்துவிட்டுத் துப்பறிவாளரின் காதருகே வந்தான்.

“எல்லா நோட்டுலயும் ஒரே வரிதான் அத்தான். ‘இந்தப் பேனா மிக நன்றாக எழுதுகிறது.’ பக்கம் பக்கமா அதுதான். நல்லா எழுதுற பேனாவை வெச்சு என்னதான் எழுதினாங்கன்னு பார்த்தா, நல்லா எழுதுதுன்னு எழுதியிருக்காங்க.”

செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். சட்டைப் பையில் ஐந்து பேனாக்கள் பதக்கங்கள்போல் நின்றன. துப்பறிவாளர் சுற்றி வளைக்கவில்லை.

“இதை எழுதினது நீங்கன்னு உங்க தலைவர் சொல்றார்.”

செயலாளர் கடிதத்தை வாங்கினார். கோபப்படப் போகிறார் என்று வத்தி ஓரடி பின்னால் நகர்ந்தான். அவரோ தாளைப் புரட்டப் புரட்ட நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

“எட்டுப் பக்கமா?” என்றார். “நானா? எனக்கு எழுத என்னங்க இருக்கு? பையன் வெளியூர்ல. தினமும் போன்ல பேசிடறான். எழுதுறதுக்குன்னு ஒண்ணையும் மிச்சம் வைக்கிறதில்லை.”

“இதை எழுதினவர் யாராயிருக்கும்?”

“யாருன்னு தெரியல. ஆனா கோபத்துல எழுதினதில்லை, அது தெரியுது. இதோ பாருங்க, அஞ்சாம் பக்கத்துல எழுத்து வெளிறிக்கிட்டே வந்து, நடு வரியில மறுபடி கருத்திருக்கு. மை தீர்ந்து நிரப்பியிருக்காங்க. வையறவனுக்கு மை தீர்ந்தா கோபமும் தீர்ந்துடும். இவங்க எழுந்து போய்ப் புட்டியைத் திறந்து, நிரப்பி, நிப்பைத் துடைச்சு, உட்கார்ந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கியிருக்காங்க. எழுதுற சுகம் கண்ட கைங்க இது.” ஆள்காட்டி விரலை ஒரு வரியின் மேல் தடவினார். “நிப் ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கு. முப்பது நாப்பது வருஷம் ஒரே கையில ஓடின பேனா. அலமாரியில வைக்கிற பேனா இல்லை.”

“உங்க தலைவர் எழுதும்போதும் இப்படித்தான் இருக்குமா?”

செயலாளர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் தமக்குப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பதினைந்து பேரும் பார்த்து முடித்தார்கள்.

“அவர் எழுதி நாங்க யாரும் பார்த்ததில்லையே,” என்றார் செயலாளர். “கூட்டத்துக்கு வருவார். மூடியைத் திறப்பார். நாங்கல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம். ‘இன்னிக்கு நிப்புக்கு மனசு இல்லை’ன்னு சொல்லி மூடிடுவார். முதல் தடவை அதைக் கேட்டப்போ ரெண்டு பேருக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

“எத்தனை வருஷமா அதுக்கு மனசு இல்லை?” என்றான் வத்தி.

“பதினோரு வருஷமா.”

படியிறங்கும்போதே துப்பறிவாளர் பல் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார்.

“டாக்டர், உங்க முழங்கால் எப்படி இருக்கு?”

“என் முழங்காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. யாருங்க நீங்க?”

“அப்ப உங்க வீட்டுல யாருக்கு வலி?”

“என் மனைவிக்கு. அதுக்கென்ன இப்போ?”

“கடிதத்தை அவங்க படிச்சாங்களா?”

“அந்த அசிங்கத்தைப் பொம்பளைங்க கண்ணுல காட்டுவாங்களா? நான்தான் பிரிச்சேன், நான்தான் படிச்சேன்.”

துப்பறிவாளர் நன்றி சொல்லி வைத்தார். வத்தி அவர் முகத்தையே பார்த்தான். முதுகு எப்போதும்போல் நேராகத்தான் இருந்தது. புருவம் மட்டும் ஒரு நூல் உயர்ந்திருந்தது. அக்காவின் சமையலில் குறை கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருக்கும்போது வருகிற முகம் அது.

*

நீதிபதியின் எழுதும் அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலரை. தோல் விரித்த மேசை. சுவரை அடைத்த கண்ணாடி அலமாரியில் முப்பத்தொரு பேனாக்கள் பட்டு விரிப்பில் படுத்திருந்தன. துப்பறிவாளர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நிப் ஒவ்வொன்றும் புது மணப்பெண்போல் பளபளத்தது. ஒன்றுகூடத் தேய்ந்ததில்லை.

பிறகு நீதிபதியின் வலது கையைப் பார்த்தார். நடுவிரலில் மைக் கறை இல்லை, காய்ப்பு இல்லை. பச்சைக் குழந்தையின் விரல்.

நீதிபதியின் மனைவி தேநீர் வைத்துவிட்டு, கேட் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனார். துப்பறிவாளர் ஒரு வாய் குடித்தார்.

“சர்க்கரை கொஞ்சம் வேணுமே.”

“இந்தாம்மா!” என்று நீதிபதி குரல் கொடுத்தார். பதில் இல்லை. “இந்தாம்மா!” வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

“நீங்க இருங்க, நான் எடுத்துக்கறேன்,” என்று துப்பறிவாளர் எழுந்தார். வத்தியும் பின்னாலேயே போனான்.

சமையலறை அலமாரியில் இரண்டு வரிசை டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் கருநீல மையில் எழுத்து: மேல்தட்டில் உப்பு. தேயிலை. மாவு. சர்க்கரை. ஒவ்வொன்றும் முத்து. ‘ழ’ என்று ஓரெழுத்து பழுப்புச் சர்க்கரை டப்பாவில் வாலைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடிதத்தின் முழங்காலிலும் அதே ‘ழ’, அதே வால்.

வத்தி விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். “ஊர்ல பெரிய மனுஷங்க கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. இங்க உப்பு டப்பாவுக்குக் கிடைச்சிருக்கு.”

துப்பறிவாளர் சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய் நீதிபதியின் முன்னால் வைத்தார்.

“இதுவும் நீங்க எழுதினதுதானா ஐயா?”

“ஆமா. இந்த வீட்டுல எழுத்துன்னா நான்தான்.”

“நல்லது. உப்பு டப்பா எந்தத் தட்டுல இருக்கு?”

நீதிபதி மேலே பார்த்தார். “கீழ்த்தட்டுல.”

“சமையலறை எந்தப் பக்கம்னு கேளுங்க அத்தான். அதுக்கே வாய்தா கேப்பார்,” என்றான் வத்தி.

துப்பறிவாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து, நீதிபதிக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு குடும்பத்தின் மானத்தைப் பேசும்போது கதவு திறந்திருக்கக் கூடாது.

“காலையில கையெழுத்தைத் திருடிட்டாங்கன்னு வந்தீங்க. எந்தக் கையெழுத்துன்னு நான் கேட்டிருக்கணும். முத்து முத்தா எழுதுற எழுத்துக்கும் நம்ம பாஷையில கையெழுத்துதான். கீழே போடுற கிறுக்கலுக்கும் கையெழுத்துதான். அந்த ஒரு வார்த்தைக்குள்ள நாப்பது வருஷமா குடியிருந்திருக்கீங்க. கிறுக்கல் உங்களுது. முத்து உங்க மனைவியோடது.”

நீதிபதி நிமிர்ந்தார். எழுந்தார். அடுத்த கணம் காற்றுப் போன பந்துபோல் உட்கார்ந்தார்.

“கோழி கிண்டின மாதிரி இருக்கும்,” என்றார் மெல்ல. “வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எனக்கு மேல இருந்தவர் என் எழுத்தைத் தலைகீழா பிடிச்சுப் படிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாணம் ஆனதும் இவ எழுதினதைப் பார்த்தேன். அன்னியிலிருந்து நான் சொல்வேன், இவ எழுதுவா. கடைசியில இடம் விட்டுக் கொடுப்பா, நான் கையெழுத்துப் போடுவேன். படிக்க முடியாம போட்டாத்தான் பெரிய மனுஷன் கையெழுத்து, அதனால யாருக்கும் சந்தேகம் வரல.”

“அப்ப இதை எழுதினது யாருன்னு காலையிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?”

“எப்படித் தெரியும்?” நீதிபதி உண்மையாகவே திகைத்தார். “எழுதுறது இவதான். ஆனா நான் சொன்னாத்தானே எழுதுவா? இதை நான் சொல்லலையே! அப்ப வேற எவனோ திருடித்தானே எழுதியிருக்கணும்?”

நாற்பது வருஷம் சாட்சிகளை விசாரித்தவர்.

“ஐயா,” என்றார் துப்பறிவாளர். “இப்படிக்குன்னு எழுதிட்டு மூணு விரல் இடம் விட்டுப் பழகின கை ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். இது மொட்டைக் கடிதமே இல்லை. எழுதினவங்களுக்குத் தன் பேரைப் போட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.”

கதவு திறந்தது. நீதிபதியின் மனைவி நின்றார். வலது நடுவிரலின் பக்கவாட்டில் ஒரு கடுகளவு கருநீலம்.

“நான்தாங்க எழுதினேன்,” என்றார். பயந்த குரல் இல்லை. பாத்திரம் கைதவறி விழுந்ததைச் சொல்கிற குரல். “சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டு நாலு வரி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். யாரும் பக்கத்துல நின்னு சொல்லல. எழுதிட்டுப் பார்த்தா, அடுத்த வரி தானா வருது. நாப்பது வருஷமா அந்தப் பேனா நடந்துதான் நான் பார்த்திருக்கேன். அன்னிக்கு ஓடிச்சு. காகிதத்துல கரகரன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. மனசுல வந்த பொண்ணு அப்படியே தாள்ல வந்தா. அவளைப் பத்தி நல்லதாவே எழுதினா அது வாழ்த்துக் கடிதம் ஆயிடும், அதுதான் ஆயிரம் எழுதியாச்சே. உள்ளதை எழுதினேன். மை தீர்ந்தப்போதான் மணி பார்த்தேன். ரெண்டரை மணி நேரம். வாழ்நாள்ல அவ்வளவு சுகமா ஒரு மத்தியானம் போனதில்லை.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றார் நீதிபதி.

“காலையில டிரைவர் வந்ததும் ‘திருடன் திருடன்’னு கத்திக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. என் முகத்தைப் பார்க்கலையே. அப்புறம் யோசிச்சேன். நான்னு சொன்னா உங்க பேர் போயிடும். சொல்லாட்டி பொண்ணு கல்யாணம் போயிடும். இதுக்கு நடுவுல டீ போட்டேன்.”

மணி ஐந்து நாற்பது. நீதிபதி விறுவிறுவென்று அறையில் நடந்தார்.

“செயலாளர்தான்னு சொல்லிடலாம். எனக்கு வேண்டாதவன்னு ஊருக்கே தெரியும். நம்புவாங்க.”

துப்பறிவாளர் எழுந்தார். “இன்னொருத்தர் வீட்டு மானத்தைப் பிரிச்செடுத்து உங்க வீட்டுக்குக் கூரை போட என்னால முடியாது ஐயா. என்கிட்ட கேட்டா நான் நடந்ததைச் சொல்வேன். அவங்க கேக்கறதுக்கு முன்னால நீங்களே சொன்னா, அது உங்களுக்குக் கௌரவம்.”

*

பல் டாக்டர் ஆறு அடிக்கும்போது வாசல்படி ஏறினார். பின்னால் அவர் மனைவி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளைப் பையன், அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. அதே நேரத்தில் மகளும் வேலையிலிருந்து வந்து சேர்ந்தாள். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கூடவே ஒரு வாசம். வத்தி கைக்குட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், கடிதத்தில் சொன்னது பொய்யில்லை என்று உறுதி செய்துகொண்டான்.

“எழுதினது யாரு?” என்றார் பல் டாக்டர். வாயைத் திறங்க என்று சொல்கிற அதே தோரணை.

“முதல்ல அதை நான் பார்க்கறேன்,” என்று மகள் கடிதத்தை இழுத்துக்கொண்டாள். நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தில் முகம் சிவந்தது. மூன்றாவதில் சிரித்துவிட்டாள். “எல்லாம் உள்ளதுதான். கதவு விஷயம் ரொம்பவே உள்ளது.” எட்டாம் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு, யாரும் கேட்காமலே, உரக்கப் படித்தாள்:

“‘இவ்வளவும் சொன்னது, இவளை நீங்கள் வேறு யாரென்றோ நினைத்து வீட்டுக்கு அழைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்திருக்க மாட்டாள். மாட்டுக்கும் அப்படி, மனுஷருக்கும் அப்படி. உங்கள் முழங்காலை இவளிடம் தைரியமாக ஒப்படைக்கலாம். கதவை அடித்துச் சாத்தினால் மட்டும் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். தானே திறந்துகொண்டு வருவாள்.’”

துப்பறிவாளர்தான் கேட்டார்: “டாக்டர், இதைப் படிச்சுமா சம்பந்தம் வேண்டாம்னீங்க?”

பல் டாக்டர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். “ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்கல. எட்டுப் பக்கத்தை யாருங்க படிப்பா?” உடனே நிமிர்ந்துகொண்டார். “அது எப்படியோ இருக்கட்டும். பேர் போடாத கடிதம் பேர் போடாத கடிதம்தான். எழுதினது யாரு? நீதிபதி ஐயா இப்ப என் கண் முன்னால ஒரு வரி எழுதிக் காட்டட்டும். அது போதும்.”

நீதிபதியின் மனைவி ஓரடி முன்னால் வந்தார். “எவனோ வேண்டாதவன்…” என்று தொடங்கினார். நாற்பது வருஷமாகக் கட்டிய பெயர். அதை அவர்தான் எழுத்தெழுத்தாகக் கட்டினார். இடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

நீதிபதி கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். கண்ணாடி அலமாரிப் பக்கம் போகவில்லை. “உன் பேனாவைக் கொடு,” என்றார்.

மூடி கீறலேறிய பழைய கறுப்புப் பேனா ஒன்று மனைவியின் கையிலிருந்து அவர் கைக்கு வந்தது. மேசையில் உட்கார்ந்தார். எழுதினார். உளியால் கல் கொத்துகிறவரைப்போல் எழுதினார். நிப் கிறீச்சிட்டது. மனைவியின் கண் பேனாவுக்காக ஒருமுறை மூடித் திறந்தது. ஒரு வரியை எழுதி முடிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

பல் டாக்டர் தாளை வாங்கினார். நேராகப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார். ஊரில் உள்ள எல்லா மருந்துச் சீட்டுகளையும் படிக்கத் தெரிந்த மனிதர் அவர்.

“என்ன இது?”

“படிக்க முடியலையா?”

“யாராலயும் முடியாது.”

ஆக, தப்பிக்க வழியே இல்லை. நீதிபதி எழுந்து நின்றார். தீர்ப்பு வாசிக்கும்போது நிற்கிற வழக்கம் நீதிபதிக்குக் கிடையாது, அன்று நின்றார். தாம் எழுதியதைத் தாமே வாசித்தார்.

“‘இந்தக் கடிதத்தை எழுதியது என் மனைவி. இதுவரை என் பேரில் வந்த எல்லாக் கடிதத்தையும் எழுதியதும் அவளே.’”

துப்பறிவாளர் தம்மையறியாமல் கால்களைச் சேர்த்து நின்றார். ஒரு குடும்பத்துப் பெயர் கீழே விழும் சத்தத்துக்காக அவர் காது காத்திருந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாகப் பல் டாக்டரின் மனைவி தம் கணவர் பக்கம் திரும்பினார். “அப்ப இது எனக்கு வந்த கடிதமா?”

“அது… வீட்டுக்கு வந்த கடிதம்மா. குடும்பத் தலைவர்ங்கிற முறையில…”

“உறையில யார் பேர் இருந்துச்சு?”

பல் டாக்டர் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக மற்றவர்களைத் திறக்கச் சொன்ன வாய், “உன் பேர்தான்,” என்று முனகியது.

“எனக்குக் கடிதம் வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு,” என்றார் அந்த அம்மாள். “வந்த ஒண்ணையும் ரெண்டு பக்கம் படிச்சுட்டு டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கீங்க.” முழங்காலைப் பிடித்துக்கொண்டே மேசையருகே வந்து நாற்காலியில் அமர்ந்தார். மருமகளாக வரப்போகிறவள் பூட்ஸோடு ஓடிவந்து இன்னொரு நாற்காலியை இழுத்து, அவர் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். “கல்யாணத் தேதியில ஒரு மாத்தமும் இல்லை. சம்பந்தியம்மா, அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்க. தாளும் கொடுங்க.”

“என்ன எழுதப் போறே?” என்றார் பல் டாக்டர்.

“பதில்தான். அவங்க பொண்ணைப் பத்தி உள்ளதைச் சொல்லிட்டாங்க. நம்ம புள்ளையைப் பத்தி நான் சொல்ல வேண்டாமா?”

மாப்பிள்ளைப் பையனின் கையிலிருந்து கைப்பை நழுவி விழுந்தது. “அம்மா, எதுக்கும்மா எழுதிக்கிட்டு? போன்ல சொல்லிக்கலாமே!”

நீதிபதியின் மனைவி தாள் கட்டைப் பிரித்து எட்டுத் தாள் எண்ணி எடுத்து வைத்தார். அந்த அம்மாள் நிப்பைத் தாளில் வைத்தார். முதலில் தயங்கியது, பிறகு நகர்ந்தது, மூன்றாவது வரியில் கரகரவென்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தலையைத் தூக்காமலே சொன்னார்:

“எட்டு பத்தாது சம்பந்தியம்மா. முழுக் கட்டையும் இங்கயே வைங்க.”